குருத்வாராவுக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

லண்டன் ஹாரோவில் இயர் 2 படிக்கும் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, வகுப்பு முழுவதையும் குருத்வாராவுக்குக் கூட்டிப்போகிறார்கள், தலையை மூடத் துணி கொண்டுவர வேண்டும், மதியச் சாப்பாடும் அங்கேயேதான். போன தவணை முழுக்க இயேசு பிறந்த கதை, இப்போது சீக்கியம், அடுத்தது இஸ்லாமாம், ஏழு வயதுப் பிள்ளை குழம்பிப் போகாதா, இது சத்தமில்லாமல் மதம் மாற்றுகிற வேலையா, பெற்றோர் எழுதிக் கொடுத்தால் ஆர்.இ. என்கிற சமயக் கல்வி வகுப்பிலிருந்து விலக்கிவிடலாமாமே, விலக்கிவிடவா என்று கேட்கிறீர்கள்.

அனுப்புங்கள். விலக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீங்கள் பயப்படுகிற விஷயம் அந்த வகுப்பில் நடப்பதில்லை. ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டிய இன்னொரு விஷயம் நடக்கிறது, அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள், லண்டனில் 19 வருடமாக ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அதில் எட்டு வருடம் பள்ளிக்கு ஆர்.இ. பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றால் பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம், அலுமாரி நிறையச் சிலை, செபமாலை, தொழுகைப் பாய், மெழுகுதிரி எல்லாவற்றையும் தூசு தட்டி வைத்திருப்பவர் என்று அர்த்தம்.

நம் ஆட்களுக்கு இந்தப் பாடம் பிடிபடாததற்குக் காரணம், நமக்குச் சமயபாடம் என்றால் வேறு ஒன்று. இலங்கையில் முதலாம் வகுப்பிலிருந்தே சமயம் கட்டாய பாடம். அவரவர் சமயம் அவரவர்க்கு. சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், பௌத்தம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் எல்லாம் தனித்தனிப் புத்தகம், அரசாங்கமே அச்சடித்து இலவசமாகக் கொடுக்கும். எங்கள் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகள் நாலு பேர். சமயபாடத்துக்கு மணி அடித்ததும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வகுப்புக்குப் போய்விடுவார்கள், நாங்கள் தேவாரம் பாடமாக்குவோம். பத்து வருடம் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள் அங்கே போய் என்ன படித்தாள் என்று எனக்கு ஒரு சொல்லும் தெரியாது, கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இந்தியாவில் படித்த உங்களுக்கு அந்த அனுபவமும் இருக்காது. இந்திய அரசியலமைப்பின் 28-வது பிரிவுப்படி, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயபோதனை கூடாது. சமயத்தைப் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றிப் படிப்பது வேறு, இரண்டாவதற்குத் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் அருணா ராய் வழக்கில் சொன்னது. சொன்னாலும் பாடமாக வரவில்லை. ஆக எங்களுக்குச் சமயபாடம் என்றால் தேவாரம், உங்களுக்கு அப்படி ஒரு பாடமே இல்லை. அதனால் வகுப்பில் மதம் என்ற சொல்லைக் கேட்டதும் யாரோ பிள்ளையை எங்கோ இழுக்கிறார்கள் என்று இரண்டு பேருக்குமே தோன்றுகிறது.

இங்கே நடப்பது என்ன என்று சொல்ல எனக்கு இங்கிலீஷை விடத் தமிழ்தான் வசதி. நம்மிடம் 'நாம்' என்று ஒரு சொல், 'நாங்கள்' என்று ஒரு சொல். நாம் என்றால் கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறோம். நாங்கள் என்றால் கேட்பவரை எதிரே உட்காரவைத்து எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறோம். (யாழ்ப்பாணத்தில் பேச்சில் எல்லாவற்றுக்கும் நாங்கள் போட்டே பழகிவிட்டோம், அது வேறு கதை.) என் சைவநெறி வகுப்பில் ஆசிரியை பேசியது முழுக்க 'நாம்': நாம் காலையில் குளித்துத் திருநீறு பூச வேண்டும், நாம் கோயிலுக்குள் பேசக்கூடாது. இங்கே ஆர்.இ. வகுப்பில் 'நாம்' கிடையாது. சீக்கியப் பிள்ளை வந்து 'நாங்கள் முடி வெட்டுவதில்லை' என்று சொல்லும், மற்றவர்கள் கேட்பார்கள், ஏன் என்பார்கள், குளிக்கும்போது என்ன செய்வாய் என்பார்கள், அது சொல்லும். ஆசிரியர் வாய் திறந்தால் 'பல முஸ்லிம்கள் இப்படி நம்புகிறார்கள்', 'கிறிஸ்தவர்கள் சிலர் இதைச் செய்வார்கள்' என்றுதான் வாக்கியம் வரவேண்டும். 'இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்' என்று நான் சொல்லக்கூடாது, 'உயிர்த்தெழுந்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த 'என்று' இருக்கிறதே, அதுதான் இந்தப் பாடத்தின் உயிர். பயிற்சிக்கு வருகிற இளம் ஆசிரியர்களுக்கு இதை விளக்க எனக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது, பாவம், அவர்களுக்கு நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே 'வீ' தான்.

இது ஏதோ புதிதாக வந்த தாராள மனசு என்று நினைக்காதீர்கள், அடிப்படையில் கிறிஸ்தவர்களுக்குள் நடந்த சண்டைதான். 1870-ல் பொதுப்பணத்தில் பள்ளிகள் தொடங்கியபோது, இங்கிலாந்துத் திருச்சபைக்காரர் தங்கள் ஞானோபதேசத்தைப் படிப்பித்துவிடுவார்களோ என்று மற்றச் சபைக்காரருக்குப் பயம். அதனால் எந்த ஒரு சபைக்கும் உரிய வினாவிடையைப் படிப்பிக்கக்கூடாது என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு வைத்தார்கள், அதன் சாரம் இன்றைக்கும் இருக்கிறது. 1944 சட்டம் சமயபோதனையைக் கட்டாயமாக்கியது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டப்படி கட்டாயமாக இருந்த ஒரே பாடம் அதுதான், கணக்குக் கூடக் கட்டாயமில்லை. அப்போது அது கிறிஸ்தவப் பாடம், பைபிள் கதைப் பாடம். பிறகு பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கரீபியனிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்து, பர்மிங்ஹாம் மாதிரியான ஊரில் வகுப்பில் பாதிப் பேர் வேறு சமயம் என்று ஆனபிறகு, 1975-ல் அந்த நகரத்துப் பாடத்திட்டம் உலக மதங்களை உள்ளே கொண்டுவந்தது, கம்யூனிசத்தையும் சேர்த்துவிட்டு நாடு முழுக்க ஏச்சும் வாங்கியது. 1988 சட்டத்தில்தான் 'போதனை' போய் 'கல்வி' என்று பெயரே மாறியது. நாட்டின் மரபு பெரும்பாலும் கிறிஸ்தவம் என்பதைப் பாடத்திட்டம் காட்ட வேண்டும், இங்குள்ள மற்ற முக்கிய மதங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதனால்தான் உங்கள் மகளுக்குக் கிறிஸ்தவம் கூடுதலாக வருகிறது, அது சூழ்ச்சி இல்லை, சட்டம். மற்ற முக்கிய மதங்கள் என்று வழக்கமாக எடுப்பது இஸ்லாம், இந்து, சீக்கியம், யூதம், பௌத்தம். இப்போது எந்த மதமும் இல்லாதவர்களையும் சேர்க்கிறார்கள், சேர்க்காமல் முடியாது, 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிறிஸ்தவர் 46.2 சதவீதம், மதம் இல்லை என்று எழுதியவர்கள் 37.2 சதவீதம்.

சரி, சட்டத்தை விடுங்கள், வகுப்புக்குள் வாருங்கள்.

என் அலுமாரியில் ஒரு முழ உயரத்தில் மரப் பிள்ளையார் ஒருவர் இருக்கிறார். இயர் 1 பிள்ளைகளை வட்டமாகத் தரையில் உட்காரவைத்து, நடுவில் ஒரு சின்ன மேசையில் அவரைப் பட்டுத்துணியால் மூடி வைப்பேன். யாரும் தொடக்கூடாது. முதலில் வாகனம் மட்டும் தெரிகிற மாதிரித் துணியைக் கொஞ்சம் தூக்குவேன். எலி! என்று ஒரு சத்தம். பிறகு ஒரு கால், பிறகு வயிறு, பிறகு கையில் இருக்கும் மோதகம், அது என்னவென்று பத்து விதமாகச் சொல்வார்கள், வெங்காயம் என்பவர்கள்தான் எப்போதும் அதிகம். கடைசியில் தும்பிக்கை. அந்த நேரத்தில் வகுப்பில் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம் என்று தோன்றும். பிறகு கதை, பிறகு ஒரு தந்தம் ஏன் பாதியில் நிற்கிறது என்ற கேள்வி. இந்தப் பாடத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹல், மைக்கேல் கிரிம்மிட் என்ற இரண்டு பேரும் அவர்களோடு இருந்தவர்களும் சின்னப் பிள்ளைகளுக்கென்று யோசித்துச் செய்த முறை இது. ஏழு வயதுக்கு ஒரு மதம் முழுவதையும் சொல்ல முயலாதே, ஒரே ஒன்றை எடு, பிள்ளையாரை எடு, பாங்கு ஓசையை எடு, லூர்து மாதாவை எடு, மீன் வயிற்றுக்குள் போன யோனாவை எடு, அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவிடு என்பது அவர்கள் கணக்கு. அந்தக் காலத்தில் ஹல் தன் கண்பார்வையை முற்றாக இழந்திருந்தவர், ஒரு பொருளை மெல்ல மெல்ல அறிவது எப்படி என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று நான் சிலசமயம் நினைப்பதுண்டு.

இதில் உங்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான இடம் பாடத்தின் முடிவுதான். உள்ளே போக ஒரு வழி வைத்த மாதிரி வெளியே வரவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். துணியை விலக்கியது உள்ளே போகும் வழி. பாடம் முடிகிறபோது, இவரை யார் கும்பிடுகிறார்கள், அவர்கள் வீட்டில் இவர் எங்கே இருப்பார், இவருக்கு என்ன படைப்பார்கள் என்று பேசி, இவர் இந்துக்கள் கும்பிடுகிறவர், நாம் இன்றைக்குச் சந்தித்தோம், அவ்வளவுதான் என்று சொல்லித் துணியைத் திரும்ப மூடிவிடுவேன். ஒருமுறை ஒரு போலந்துப் பையன், கத்தோலிக்கன், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம், துணியை மூடுகிற நேரத்தில் கையைத் தூக்கி, 'மிஸ், நான் இவரைக் கும்பிட வேண்டுமா?' என்று கேட்டான். வேண்டாம் என்றேன். 'ஆனால் எனக்கு இவரைப் பிடிக்கும்' என்றான். பிடிக்கலாம், தாராளமாகப் பிடிக்கலாம் என்றேன். அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் விளங்கிவிட்டது, பெரியவர்கள் நமக்குத்தான் விளங்குவதில்லை.

'இது உண்மையா மிஸ்?' என்ற கேள்வி கட்டாயம் வரும். எல்லாத் தவணையிலும் வரும். கடல் பிளந்தது உண்மையா, குகைக்குள் வானவர் வந்தது உண்மையா. இதற்குப் பூசி மெழுகினால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். யூதர்கள் பலர் அப்படியே நடந்தது என்று நம்புகிறார்கள், சிலர் அதை ஒரு பெரிய அர்த்தம் உள்ள கதை என்று பார்க்கிறார்கள், வேறு ஆட்கள் நடக்கவில்லை என்பார்கள், உன் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டுப்பார் என்பேன். சாவு பற்றிய கேள்விதான் கஷ்டம். அம்மப்பா செத்துப்போய் ஒரு வாரம் ஆன பிள்ளை, அவர் இப்போது எங்கே என்று கேட்டால், அந்த நேரத்தில் ஆறு மதம் ஆறு பதில் என்று பட்டியல் வாசிக்க முடியாது. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்பேன், என்ன சொன்னதோ அதைத் திருப்பிச் சொல்வேன், பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

செய்யக்கூடாதவையும் சில உண்டு, நல்ல பள்ளி அதைச் செய்யாது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தொழுகை மாதிரி செய்யச் சொல்லக்கூடாது, வேண்டுமானால் ஒரு முஸ்லிம் பிள்ளையின் தந்தை வந்து காட்டட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும். நபியை வரையச் சொல்லக்கூடாது, நாடகத்தில் நபியாகவோ சீக்கியக் குருவாகவோ எந்தப் பிள்ளையும் நடிக்கக்கூடாது. குர்ஆனைத் தரையில் வைக்கக்கூடாது. யூதர்களின் வேதமான தோரா சுருளில் விரல் படக்கூடாது, வாசிக்கவே கை வடிவத்தில் ஒரு வெள்ளிக்குச்சி இருக்கிறது, அந்தக் குச்சியைக் காட்டினால் போதும், முழுப் பாடமும் அதிலேயே நடந்துவிடும். ஞானஸ்நானம் மட்டும் பொம்மையை வைத்து நடத்துவோம், தேவாலயத்துக் குருவானவரே வந்து பொம்மைக்குப் பெயர் வைத்துத் தண்ணீர் ஊற்றுவார், அதற்கு யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது உங்கள் குருத்வாராப் பயணம். வாசலில் துணி சுற்றிய உயரமான கொடிமரம் இருக்கும். உங்கள் மகள் 'கொடிமரம்' என்று கத்தினாலும் கத்துவாள், விடுங்கள், சரிதான். சப்பாத்தைக் கழற்றி, தலையை மூடி, கை கழுவி உள்ளே போவார்கள். மண்டபத்தில் நாற்காலி இருக்காது, எல்லோரும் தரையில்தான், காலை நீட்டி உட்காரக்கூடாது. எதிரே விதானத்தின் கீழே குரு கிரந்த் சாஹிப். சீக்கியர்களுக்கு அது வெறும் புத்தகம் இல்லை, உயிருள்ள குரு என்று நம்புகிறார்கள் (பார்த்தீர்களா, எனக்கே 'என்று' வந்துவிட்டது). 1,430 பக்கம், 1604-ல் குரு அர்ஜன் முதலில் தொகுத்தது, குருமார் பாடியதோடு கபீர், நாமதேவர், ஷேக் ஃபரீத் பாடல்களும் அதற்குள் உண்டு. பகலில் அதன்மேல் சாமரம் வீசுவார்கள், இரவானதும் துணி போர்த்தி, தலைமேல் சுமந்துபோய் ஒரு தனி அறையில் படுக்கையில் வைப்பார்கள், விடிகாலையில் திரும்ப எழுந்தருளும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அந்தப் படுக்கை அறையை எட்டிப் பார்க்கச் சண்டை போடுவார்கள். நம் கோயில் பள்ளியறைப் பூசையை உங்கள் மகள் பார்த்திருந்தால் அவளுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படாது. அன்றிரவே அதை அவளிடம் பேசுங்கள்.

கும்பிட வேண்டுமா என்றால், வேண்டாம். சீக்கியப் பிள்ளைகள் முன்னே போய் நெற்றி தரையில் பட வணங்குவார்கள், மற்றவர்கள் பின்னால் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கூட்டிப்போவோம். கடா பிரசாதம் கொடுப்பார்கள், கோதுமை மாவு, நெய், சர்க்கரை, கேசரியும் அல்வாவும் கலந்த மாதிரி சூடாக, நெய் வடிய வடிய. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் கையைக் கூப்பி வேண்டாம் என்று சொல்லலாம், அவர்கள் தப்பாக எடுக்க மாட்டார்கள். சில முஸ்லிம் பிள்ளைகளும் ஜெகோவா சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகளும் வாங்காமல் விடுவார்கள், அதையும் மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்கள், அதுவும் பாடம்தான். பிறகு லங்கர், தரையில் பந்தி: பருப்பு, ரொட்டி, சில நாள் பாயசம். மரக்கறி மட்டும்தான், உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். பரிமாறுகிறவர்கள் சம்பளத்துக்கு நிற்கிறவர்கள் இல்லை, யார் வந்து உட்கார்ந்தாலும் சாப்பாடு, யார் என்று கேட்கமாட்டார்கள். பள்ளிச் சாப்பாட்டில் இரண்டு கரண்டி கூடச் சாப்பிடாத ஒரு குட்டி, போன வருடம் நாலு ரொட்டி சாப்பிட்டுவிட்டு ஐந்தாவதற்குக் கை நீட்டினாள், பேருந்தில் திரும்பும்போது என் மடியில் வாந்தி எடுத்தாள். அதற்கும் தயாராகத்தான் போவோம்.

இனி நீங்கள் கேட்காத விஷயம். உங்கள் மகளுக்குச் சீக்கியத்தாலோ இஸ்லாத்தாலோ குழப்பம் வராது. குழப்பம் வந்தால் இந்து சமயம் என்ற பாடத்தால்தான் வரும்.

இங்கே வந்த இந்துக்களில் முதலில் பெருந்தொகையாக வந்தவர்கள் குஜராத்திகளும் பஞ்சாபிகளும். பாடத்திட்டமும் பாடநூலும் அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டைப் பார்த்து எழுதப்பட்டவை. அதனால் வகுப்பில் இந்து என்றால் ஆரத்தித் தட்டு, ஹோலி, ரக்ஷா பந்தன், தீபாவளி என்றால் ராமரும் சீதையும் அயோத்திக்குத் திரும்பிய நாள், பார்க்கப் போகும் கோயில் நீஸ்டனில் இருக்கும் சுவாமிநாராயண் மந்திர் அல்லது வாட்ஃபோர்டுப் பக்கத்துப் பக்திவேதாந்தா மேனர். அவை தப்பு என்று சொல்லவில்லை, மந்திர் அழகான கோயில், 1995-ல் கட்டி முடித்தது, நானே எத்தனையோ முறை பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். ஆனால் ஆர்ச்வே வீதி முருகன் கோயிலுக்குப் போய் வளர்ந்த பிள்ளைக்கு அதில் தன் வீடு தெரியாது. பிரம்மா படைப்பார், விஷ்ணு காப்பார், சிவன் அழிப்பார் என்று மூன்று பெட்டி போட்ட தாள் ஒன்று எல்லாப் பள்ளியிலும் உண்டு. சைவப் பிள்ளைக்குச் சிவன் ஐந்தொழில் செய்கிறவர், மறைத்தலும் அருளலும் அந்தத் தாளில் எங்கோ காணாமல் போய்விட்டன. முருகன் பெரும்பாலும் இல்லவே இல்லை.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை, வெள்ளைக்கார ஆசிரியை ராமர் கதையைச் சொல்லி முடித்ததும் எழுந்து, எங்கள் வீட்டில் தீபாவளி நரகாசுரனுக்கு என்று சொல்லியிருக்கிறது. ஆசிரியை நல்லவர்தான், ஆனால் கையில் இருந்த புத்தகத்தில் அது இல்லை, இல்லை கண்ணே, நீ வேறு கதையோடு மாற்றிக்கொண்டாய் என்று சொல்லிவிட்டார். பிள்ளை உட்கார்ந்துவிட்டது. அந்த வருடம் முழுக்க ஆர்.இ. வகுப்பில் அது வாய் திறக்கவில்லை. தன் வீட்டைப் பற்றித் தன்னைவிடப் புத்தகத்துக்கு நன்றாகத் தெரியும் என்று ஏழு வயதில் ஒரு பிள்ளை முடிவு கட்டிவிட்டால் அதைத் திருப்புவது லேசில்லை. 'நாங்கள்' என்று சொல்ல எழுந்த பிள்ளையை உட்காரவைத்த கதை இது. இதன் மறுபக்கமும் உண்டு: வகுப்பில் ஒரே ஒரு இந்துப் பிள்ளை இருந்தால் அதை எழுப்பி, கர்மா என்றால் என்ன என்று எல்லோருக்கும் சொல்லு என்பது. அது பாவம் பிக்காச்சு பற்றி யோசித்துக்கொண்டு இருந்திருக்கும்.

ஆகவே விலக்குவதற்குப் பதிலாக உள்ளே வாருங்கள், தம்பி. ஜனவரியில் தைப்பொங்கல் வருகிறது. ஒரு மாதம் முன்னதாகவே வகுப்பு ஆசிரியருக்கு எழுதுங்கள், இருபது நிமிடம் வந்து காட்டுகிறோம் என்று. பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ந்துபோவார்கள், அவர்களுக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம். வெறும் பானை, மஞ்சள் கொத்து, கரும்புத் துண்டு, அரிசிமாவு கொண்டுபோங்கள், கறுப்புத் தாளில் கோலம் போடவிடுங்கள், போதும். சொற்பொழிவு வேண்டாம், அறிவியல்பூர்வமான காரணங்கள் நிச்சயம் வேண்டாம். அப்புறம் ஒன்று, நான் பட்டு அறிந்தது. சில வருடம் முன் ஒரு அம்மா இப்படி வந்தார், அருமையாகப் பேசினார், கடைசியில் அன்பு மிகுந்து 30 பிள்ளைகளுக்கும் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார். நானும் பின்வரிசையில் வேறு வேலையாக இருந்துவிட்டேன். அடுத்த நாள் காலை எட்டரைக்கு வாசலில் மூன்று பெற்றோர். அவர்கள் கோபம் நியாயமானது, நான்தான் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் பிள்ளையின் நெற்றியில் சாம்பல் புதனன்று யாரோ சாம்பல் பூசியிருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? திருநீறு கொண்டுபோகலாம், கிண்ணத்தில் காட்டலாம், உங்கள் மகள் நெற்றியில் பூசிக் காட்டலாம். அதோடு நிற்க வேண்டும்.

இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்க முடியும் என்றால் சேக்கர் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு உள்ளூராட்சிச் சபையும் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய சமயக் கல்வி ஆலோசனைக் குழு. அந்தப் பகுதிப் பாடத்திட்டத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மீளப் பார்க்க வேண்டும், அப்போது இங்கிலாந்துத் திருச்சபை, மற்றக் கிறிஸ்தவச் சபைகளும் சமயங்களும், ஆசிரியர் சங்கங்கள், உள்ளூராட்சிச் சபை உறுப்பினர்கள் என்று நாலு தரப்பாக உட்கார்வார்கள். நான் போன கூட்டங்களில் இந்துக்களுக்கான நாற்காலியில் ஒரு தமிழரையும் பார்த்ததில்லை. கோயில் திருவிழாவுக்குத் தேர் இழுக்க ஆயிரக்கணக்கில் வருகிறோம், இந்தக் கூட்டத்துக்கு ஒரு ஆள் போனால் பாடநூலில் முருகன் வந்துவிடுவார்.

விலக்கும் உரிமை பற்றி. இங்கிலாந்தில் அது 1944-லிருந்தே இருக்கிறது, முழுப் பாடத்திலிருந்தும் விலக்கலாம், ஒரு பகுதியிலிருந்தும் விலக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வேல்ஸில் 2022-ல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் இந்த உரிமை இல்லை. விலக்கினால் உங்கள் மகள் அந்த ஒரு மணி நேரம் நூலகத்திலோ அலுவலக வாசலிலோ ஒரு நிறந்தீட்டும் தாளோடு உட்கார்ந்திருப்பாள், மற்ற 29 பேரும் ஒன்றாகப் போய் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்து அதைப் பற்றியே ஒரு வாரம் பேசுவார்கள். காலை அசெம்பிளியில் நடக்கும் கூட்டு வழிபாடு வேறு, ஆர்.இ. வேறு, நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அந்த வழிபாடு பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மையோடு இருக்க வேண்டும் என்பதும் 1988 சட்டம்தான். பிரார்த்தனை நேரத்தில் உங்கள் பிள்ளை கண் மூட வேண்டுமா என்ற கேள்வி உங்களுக்கு இருந்தால் அங்கே கேளுங்கள், அது நியாயமான கேள்வி. அப்புறம் திருச்சபைப் பள்ளிகள் கதை வேறு, இங்கே அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் மூன்றில் ஒரு பங்கு ஏதோ ஒரு சமயத்தைச் சேர்ந்தது, கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்துவிட்டு ஏன் செபம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்கக்கூடாது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்களுடையது சாதாரணப் பள்ளி.

பயணத்துக்கு முந்தின இரவு அவளிடம் அதிகம் பேச வேண்டாம். அவர்கள் வீட்டுச் சாமியைப் பார்க்கப் போகிறாய், நம் கோயிலில் எப்படி இருப்பாயோ அப்படி இரு, கும்பிடத் தோன்றினால் கும்பிடு, தோன்றாவிட்டால் சும்மா இரு என்று சொன்னால் போதும். தலைக்கு அம்மாவின் பழைய சால்வை ஒன்று கொடுங்கள், வழுக்கும் பட்டு வேண்டாம், நாள் முழுக்க அதை இழுத்து இழுத்துப் போட்டே களைத்துப்போவாள். கச்சான் (வேர்க்கடலை) ஒவ்வாமை மாதிரி ஏதாவது இருந்தால் படிவத்தில் எழுதுங்கள். முக்கியமாகக் காலுறையைப் பாருங்கள். வாசலில் முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சப்பாத்தைக் கழற்றுவார்கள், பெருவிரல் எட்டிப் பார்க்கிற பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிற சிரிப்பில் கிரந்த் சாஹிப் வரை போய்ச் சேரவே பத்து நிமிடம் ஆகிவிடும்.